போட்ட இன்சூரன்ஸ் க்ளைமை வாபஸ் வாங்குவது எப்படி: எங்கள் பிளானோ வீட்டுக் கணக்கு

2021 பிப்ரவரி 18, வியாழக்கிழமை. மூன்று நாளாக வருவதும் போவதுமாக இருந்த கரண்ட் அன்று காலையில்தான் நிலையாக வந்தது. வீடு மெல்லச் சூடேறியது. பதினோரு மணி இருக்கும், துணி துவைக்கும் அறைப் பக்கம் மழை பெய்வது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கராஜை ஒட்டிய சுவரின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பு, எங்கள் ஊர் பிளானோ இருக்கும் டெக்சாஸின் டாலஸ் வட்டாரத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் சுவருக்குள் இருந்த குழாய் உறைந்து பிளந்திருக்கிறது. உள்ளே இருந்த பனிக்கட்டி உருகிய பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தெரு ஓரத்து மீட்டர் பெட்டிக்கு ஓடினார். மூடி பனியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றி, எதிர் வீட்டுக்காரரிடம் வால்வு திருப்பும் கம்பியை வாங்கி மூடுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அந்த இருபது நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்றால், ஈரக் காலோடு நின்றுகொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்தார். தேதி, என்ன உடைந்தது, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு க்ளைம் எண்ணைக் கொடுத்தார். எண் கிடைத்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஆறு நாள் கழித்து அந்த க்ளைமை வாபஸ் வாங்கினோம். வாங்கியது சரிதான். ஆனால் வாங்கிய விதத்தில் தவறு இருந்தது, அது இரண்டு வருடம் கழித்து எங்களைத் தேடி வந்தது. அதே நிலையில் இப்போது யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது டெக்சாஸ் கணக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிடக்டபிள், அதாவது கம்பெனி பணம் தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய தொகை. பாலிசியோடு வரும் டெக்லரேஷன் பக்கத்தில், அதாவது பாலிசியின் சுருக்கப் பக்கத்தில், அது இருக்கும். இங்கே பெரும்பாலும் அது டாலர் தொகையாக இருக்காது, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதமாக இருக்கும். நாங்கள் அதைத்தான் சரியாகப் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குக் காப்பீடு, டிடக்டபிள் 1 சதவீதம். அதாவது முதல் 3,800 டாலர் எங்கள் கையிலிருந்து. '1' என்று பார்த்ததும் ஏதோ ஆயிரம் டாலர் என்று மனதில் பதிந்துவிட்டது போல. காற்று, ஆலங்கட்டி மழைச் சேதத்துக்குத் தனியாக 2 சதவீதம் போட்டிருந்தார்கள், அது 7,600. ஆலங்கட்டி மழை அடிக்கடி வரும் இந்த ஊரில் அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். கூரைக்கு க்ளைம் போடலாமா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

இனி செலவு. அந்த வாரம் பிளம்பர் கிடைப்பதே பெரிய விஷயம். கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் மூலம் ஒருவர் வந்தார். சுவரை வெட்டி, பிளந்த இரண்டடி செம்புக் குழாயை எடுத்துவிட்டு புதிதாகப் போட்டார், 480 டாலர். நனைந்த ஷீட்ராக்கை (உள்சுவர்ப் பலகையை) இரண்டடி உயரத்துக்கு அறுத்து எடுத்து, இன்சுலேஷனை மாற்றி, பூசி, பெயின்ட் அடிக்க 1,350. வாடகைக்கு எடுத்த மூன்று மின்விசிறிக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் 210. மொத்தம் 2,040. டிடக்டபிளைத் தொடவே இல்லை. சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வந்து பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாலும் கம்பெனி ஒரு பைசா தரப்போவதில்லை.

இந்தக் கணக்கை வாபஸ் வாங்குவதற்கு முன் எல்லோரும் போட்டுவிட வேண்டும், அதுவும் சுவரைத் திறந்து பார்த்த பிறகு. வெளியே தெரியும் ஈரத்தை மட்டும் பார்த்து 'கொஞ்சம்தான்' என்று முடிவு செய்யாதீர்கள். எங்கள் சுவரில் தரைமட்டத்தில் ஒரு ஜாண் அளவுதான் நிறம் மாறியிருந்தது. உள்ளே இன்சுலேஷன் கிட்டத்தட்ட இரண்டடி உயரம் வரை தண்ணீர் குடித்திருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும், செலவு வேறு எங்கோ போயிருக்கும்.

மொத்தச் செலவு டிடக்டபிளைவிடச் சில நூறு டாலர் மட்டும் அதிகமாக இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கம்பெனி தரப்போகும் அந்தச் சில நூறையும், 'க்ளைம் இல்லாதவர்' என்ற தள்ளுபடி போனால் வருடா வருடம் இழப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் என்றால் வாபஸ் வாங்குவேன். இடைவெளி சில ஆயிரம் என்றால் வாங்க மாட்டேன். அதற்காகத்தானே மாதா மாதம் கட்டுகிறோம்.

சரி, எந்தக் கட்டத்தில் வாபஸ் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். அட்ஜஸ்டர் வருவதற்கு முன் என்றால் சுலபம், ஒரு மின்னஞ்சல் போதும். அவர் வந்து பார்த்துவிட்டார், பணம் இன்னும் வரவில்லை என்றாலும் வாங்கலாம். ஆனால் அவர் எடுத்த படங்களும் எழுதிய குறிப்பும் கம்பெனியின் கோப்பில் இருக்கும். குழாயைப் பார்க்க வந்தவர் கூரை பழசாகிவிட்டது என்றும் எழுதி வைத்திருந்தால், அடுத்த புதுப்பித்தலின்போது அது கேள்வியாக வரலாம். க்ளைமை வாபஸ் வாங்கினால் அந்தக் குறிப்பும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

செக் வந்துவிட்டால் அதை வங்கியில் போடாதீர்கள். கடிதம் வைத்து அப்படியே திருப்பி அனுப்புங்கள். வீட்டுக் கடன் இருந்தால் செக்கில் உங்கள் பெயரோடு கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கும், அதனால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பணத்தை எடுத்துச் செலவு செய்த பிறகு வாபஸ் வாங்க வேண்டுமென்றால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். க்ளைம்களைக் கம்பெனிகள் பதிந்து வைக்கும் பொதுப் பதிவில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) தொகை பூஜ்யமாகிவிட்டதா என்றும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு அது பெரும்பாலும் ஈடாகாது.

அப்புறம், உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது அடிபட்டிருந்தால் அது வேறு கதை. படியில் வழுக்கி விழுந்த விருந்தாளியோ, உங்கள் நாய் கடித்த பக்கத்து வீட்டுப் பையனோ நஷ்டஈடு கேட்கிறார்கள் என்றால், அது நீங்கள் மட்டும் முடிவு செய்து மூடக்கூடிய கோப்பு இல்லை. 'நாமே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்' என்று கம்பெனியை விலக்கி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வழக்கு வந்தால், உங்களுக்காக வக்கீல் வைத்து வாதாட வேண்டிய கம்பெனி, நேரத்தில் சொல்லவில்லை என்று கையை விரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம். இந்த வகையை வாபஸ் வாங்க நினைக்கவே நினைக்காதீர்கள்.

எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தண்ணீர் உறிஞ்சும் கம்பெனிகள் அவசரத்துக்கு வந்து இயந்திரங்களை இறக்கும்போதே ஒரு தாளை நீட்டுவார்கள். க்ளைம் பணம் நேராக அவர்களுக்குப் போகட்டும் என்று அதில் இருக்கும், வராவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்றும் இருக்கும். வாபஸ் வாங்கினால் அந்த பில் முழுக்க உங்கள் தலையில். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கதவைத் தட்டும் கூரைக்காரர்களும் இப்படித்தான் கையெழுத்து வாங்குவார்கள். வாசலில் வைத்து வாங்கிய இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 3 வேலை நாளுக்குள் ரத்து செய்ய அமெரிக்க மத்திய விதி இடம் தருகிறது. நீங்களே கூப்பிட்டு அவசர ரிப்பேர் செய்யச் சொன்னதற்கு அது பொருந்தாமல் போகலாம். 'டிடக்டபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு இலவசக் கூரை' என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அப்படித் தள்ளுபடி செய்வது குற்றம். டிடக்டபிளைக் கட்டியதற்கான சான்றை கம்பெனி உங்களிடமே கேட்கலாம்.

நான் மனதார எச்சரிக்க விரும்பும் இன்னொன்று, பேரிடர் சமயம். அந்தப் பிப்ரவரிக் குளிரைப் பேரிடராக அறிவித்து, ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு தனிநபர் உதவி கொடுத்தது. ஆனால் இன்சூரன்ஸ் இருப்பவர்களிடம் ஃபீமா முதலில் கேட்பது, கம்பெனி எவ்வளவு கொடுத்தது அல்லது ஏன் கொடுக்கவில்லை என்ற கடிதம். நீங்களே வாபஸ் வாங்கிவிட்டால் கையில் அந்த மறுப்புக் கடிதம் இருக்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதில் மாட்டிக்கொண்டு, மூடிய க்ளைமைத் திரும்பத் திறக்கச் சொல்லி நடையாய் நடந்தார்கள். வருமான வரியிலும் இதே கதைதான். அறிவிக்கப்பட்ட பேரிடரில் ஏற்பட்ட இழப்பைக் கழித்துக் காட்ட வேண்டுமென்றால், காப்பீடு இருந்த பகுதிக்கு உரிய காலத்தில் க்ளைம் போட்டிருக்க வேண்டும். அதனால் பேரிடர் அறிவிப்பு இருந்து, இந்த இரண்டில் ஒன்றாவது தேவைப்படும் என்றால், வாபஸ் வாங்காதீர்கள். கம்பெனியே பார்த்து, டிடக்டபிளுக்குக் கீழே என்று எழுதிக் கொடுத்து மூடட்டும். பதிவில் இரண்டுமே பூஜ்யத் தொகையாகத்தான் விழும். உங்கள் கையில் மட்டும் ஒரு கடிதம் மிஞ்சும்.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். ஆறாவது நாள் அதே எண்ணுக்குப் போன் செய்தேன். வேறு ஒருவர் எடுத்தார். 'செலவு டிடக்டபிளுக்குள் முடிந்துவிட்டது, க்ளைம் வேண்டாம்' என்றேன். 'சரி மேடம், குறித்துக்கொண்டேன்' என்றார். அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் அனுப்பவில்லை. அட்ஜஸ்டர் வரவில்லை என்பதால் மூடிவிட்டார்கள் என்றே நம்பிவிட்டேன்.

2023இல் ப்ரீமியம் ஏறியதும் வேறு கம்பெனி பார்க்கலாம் என்று ஒரு ஏஜென்டிடம் போனோம். பல கம்பெனிகளில் விலை எடுத்துத் தருகிறேன் என்றார். மறுநாள் அழைத்து, 'உங்கள் பேரில் 2021இல் ஒரு தண்ணீர் க்ளைம் இன்னும் முடியாமல் இருக்கிறதே, அதை முடிக்காமல் பாதிப் பேர் விலையே தர மாட்டார்கள்' என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு பைசா வாங்காத க்ளைம் எப்படி முடியாமல் இருக்கும்?

அப்போதுதான் க்ளூ அறிக்கை என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. லெக்சிஸ்நெக்சிஸ் என்ற நிறுவனம் நடத்தும் தரவுத்தளம் அது. கார், வீடு இரண்டுக்கும் நாம் போட்ட க்ளைம்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதில் பதிகின்றன. 7 வருடம் வரை அங்கே இருக்கும். வெரிஸ்க் நிறுவனத்திடம் ஏ-பிளஸ் என்று இதே போல இன்னொன்று உண்டு. புதிதாக பாலிசி கேட்டுப் போனால் கம்பெனிகள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். வீட்டின் முகவரியோடும் இந்த விவரம் சேர்ந்திருக்கும். அதனால் வீடு வாங்க வருபவர் உங்களிடம் இந்த அறிக்கையைக் கேட்கலாம். அதை வரவழைக்க முடிந்தவர் வீட்டின் சொந்தக்காரர்தான்.

வருடத்துக்கு ஒருமுறை நம் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், மத்தியச் சட்டம் தந்த உரிமை அது. இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்கலாம். அறிக்கை வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். எங்கள் பெயர், முகவரி, பாலிசி எண், இழப்பு நடந்த தேதி 2021 பிப்ரவரி 18, காரணம் தண்ணீர், கொடுத்த தொகை 0. நிலை என்ற இடத்தில் 'ஓபன்'. நான் போனில் சொன்னதை யாரோ குறித்துக்கொண்டார்கள், கோப்பை மூடத்தான் ஆள் இல்லை.

வாபஸ் வாங்கினால் க்ளைம் நடந்த தடயமே அழிந்துவிடும் என்பது பலரும் நம்புவது. நானும் நம்பினேன். அழியாது. தொகை பூஜ்யமாக, மூடப்பட்டதாக அது நிற்கும், அவ்வளவுதான். மூடப்பட்ட பூஜ்யத்துக்கும் திறந்து கிடக்கும் பூஜ்யத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதனால் எழுத்தில் கேளுங்கள். நான் பின்னால் எழுதிய கடிதத்தின் சாரம் இது, ஆங்கிலத்தில் உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளலாம்:

'பாலிசி எண் இது, க்ளைம் எண் இது, இழப்பு நடந்த தேதி இது, வீட்டு முகவரி இது. பழுது பார்த்த செலவு எங்கள் டிடக்டபிளுக்குள் முடிந்துவிட்டதால், இந்த க்ளைமை நாங்களாகவே வாபஸ் பெறுகிறோம். இதற்காக எந்தத் தொகையும் பெறவில்லை. தொகை கொடுக்காமல் மூடப்பட்டது என்று கோப்பை முடித்து, முடித்த தேதியோடு எழுத்தில் உறுதி செய்யுங்கள். க்ளைம் தரவுத்தளங்களுக்கு இது எப்படித் தெரிவிக்கப்பட்டது, அல்லது தெரிவிக்கப்படும் என்றும் சொல்லுங்கள்.'

'சேதமே நடக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். நடந்தது நடந்ததுதான், பொய் எழுதினால் அடுத்த க்ளைமில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். கம்பெனி தன் பக்கத்திலிருந்து ஏதாவது படிவம் அனுப்பினால், இந்த இழப்பு குறித்து இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாபஸ் வாங்கிய பிறகு உள்ளே பெரிய சேதம் தெரியவந்தால், உரிய காலத்துக்குள் என்றால் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்க முடியும். அந்த ஒரு வரி அந்த வழியை அடைத்துவிடும். காலம் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். டெக்சாஸில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்குப் பல பாலிசிகளில் ஒரு வருடம்தான்.

பழுது பார்த்த ரசீதுகளையும் முன், பின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். வாபஸ் வாங்கிய சேதத்தைச் சரிசெய்யாமல் விட்டால், பிறகு அதே இடத்தில் வேறு ஏதாவது நடக்கும்போது 'இது பழைய சேதம்' என்று மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். அந்தப் பிளந்த செம்புக் குழாய்த் துண்டை என் வீட்டுக்காரர் இன்னும் கராஜில் வைத்திருக்கிறார். நீளவாக்கில் உதடு பிரிந்த மாதிரி இருக்கும். படமும் எடுத்து வைத்திருக்கிறோம்.

பதிவில் தவறு இருந்தால், தரவுத்தளம் நடத்தும் நிறுவனத்திடமே ஆட்சேபம் எழுதலாம். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அங்கேயும் எழுதினோம், கம்பெனிக்கும் மேலே சொன்ன கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தரவுத்தள நிறுவனம் திருத்த மறுத்தால், நம் தரப்பைச் சொல்லும் ஒரு சிறு விளக்கத்தை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. அறிக்கையைக் காரணம் காட்டி ஒரு கம்பெனி மறுத்தாலோ விலையை ஏற்றினாலோ, எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று நமக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 60 நாளுக்குள் கேட்டால் தனியாக இன்னொரு பிரதி இலவசம்.

டெக்சாஸில் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சட்டமும் கொஞ்சம் உண்டு. மூன்று வருடத்தில் மூன்று க்ளைம் போட்டால் புதுப்பிக்க மறுக்கலாம், ஆனால் இரண்டாவதுக்குப் பிறகு நம்மை எச்சரித்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் இயற்கையால் வந்த இழப்பு சேராது, தொகை கொடுக்கப்படாத க்ளைமும் சேராது. இதை வைத்துப் பார்த்தால் எங்கள் உறைந்த குழாய் இரண்டு வகையிலும் வெளியே. ஆனால் இது இருக்கும் கம்பெனி புதுப்பிப்பதற்கான விதி. புதிதாகப் போகும் கம்பெனி நம்மை எந்த விலையில் எடுக்கும் என்பதில் அவர்களுக்கு இதைவிடச் சுதந்திரம் அதிகம். வெறும் விசாரணையை க்ளைமாக வைத்துக்கொண்டு மறுப்பதற்கும் இங்கே தடை இருக்கிறது. அதனால் போன் செய்தால் 'என் டிடக்டபிள் எவ்வளவு, சுவருக்குள் குழாய் வெடித்தால் பாலிசியில் உண்டா' என்று பொதுவாகக் கேளுங்கள். தேதியும் இடமும் சொல்லி 'எங்கள் வீட்டில் வெடித்துவிட்டது' என்றதும் அந்தப் பக்கம் இருப்பவர் கோப்பைத் திறக்க ஆரம்பித்துவிடுவார். ஏஜென்டிடம் பேசினாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

எங்கள் திருத்தம் 26 நாளில் வந்தது. நிலை 'மூடப்பட்டது', தொகை 0. அந்த ஏஜென்ட் மறுபடி விலை எடுத்தார். முன்பு விலை தர மறுத்த மூன்று கம்பெனிகளில் இரண்டு இப்போது தந்தன. அதில் ஒன்று, தொகை பூஜ்யம் என்றாலும் ஐந்து வருடத்துக்குள் க்ளைம் இருக்கிறது என்று தள்ளுபடியைத் தரவில்லை. இன்னொன்று தந்தது, அங்கே மாறிவிட்டோம். பதிவு 2028 பிப்ரவரி வரை இருக்கலாம். அதுவரை ஒவ்வொரு ஜனவரியிலும் அறிக்கையை வரவழைத்துப் பார்க்கிறேன்.

டெக்லரேஷன் பக்கத்தின் நகல் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு டிடக்டபிளையும் டாலரில் கணக்குப் போட்டுச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வால்வு திருப்பும் கம்பி ஒன்றும் வாங்கி கராஜ் கதவுக்குப் பின்னால் மாட்டியாயிற்று.